ராயல் கிரசென்ட் முன்னால் அரண்மனை, பின்னால் தாறுமாறு: ஏன் இப்படி?

இங்கிலாந்தின் பாத் நகரில் உள்ள இந்த வீட்டு வரிசையைப் பின்பக்கமிருந்து பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கட்டிய விதமே அப்படித்தான்.

பிறை வடிவில் ஒட்டி நிற்கும் 30 வீடுகள். 1767 முதல் 1774 வரை கட்டப்பட்டவை. கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் வரைந்து கொடுத்தது முகப்பை மட்டுமே. வாங்கியவர்கள் அந்த முகப்பில் தங்களுக்கு வேண்டிய நீளத்தை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் சொந்தமாக ஆள் வைத்து இஷ்டம்போல் வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால்தான் பின்னால் கூரைகள் ஏறி இறங்குகின்றன, ஜன்னல்கள் வரிசைக்கு வருவதில்லை.

முகப்போ வேறு கதை. கீழ்த்தளத்தில் அலங்காரமில்லாத சுவர். அதற்கு மேல் இரண்டு மாடிகளையும் ஒரே வீச்சில் தாண்டி எழும் 114 தூண்கள், உச்சியில் அயோனிக் என்னும் பழைய கிரேக்கப் பாணிச் சுருள்கள். தேன் நிற பாத் கல். எந்த வீடு எங்கே முடிகிறது என்று கதவை எண்ணித்தான் சொல்ல முடியும்.

அப்புறம், அந்தக் கதவுகள் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். 1970களில் 22ஆம் எண் வீட்டுக்காரர் மஞ்சள் அடித்தார். நகர நிர்வாகம் மாற்றச் சொல்லியும் விடாமல் போராடி ஜெயித்தார்!