குலசேகரத்தில் சாயாக்கடை: மேலாளர் வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. நாகர்கோவிலில் ஒரு ஓட்டலில் மேசை துடைக்கும் பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் சப்ளையர், கேஷ், இப்போது மேலாளர். சம்பளம் 26,000, அதில் அடிப்படை 14,000. பிஎஃப் பிடித்து 9 வருடம் 3 மாதம் ஆகிறது. சொந்த ஊரான குலசேகரம் ஜங்ஷனில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. அட்வான்ஸ் 3 லட்சம், வாடகை 16,000. சாயா, பழம்பொரி, வடை என்று நல்ல கஃபேயாகப் போட அட்வான்ஸையும் சேர்த்து 9 லட்சம் ஆகும். கூலி, சரக்கு, கடை வேலைச் செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் 15 பவுனை அடகு வைக்கலாமா?

பதில்: நகை வேண்டாம். கடை போடலாம், ஆனால் இந்த மாதம் இல்லை.

நீங்கள் எழுதியதில் உங்கள் சம்பளத்தைச் செலவாகச் சேர்க்கவே இல்லை. வாடகை நாளுக்கு 533. டீ மாஸ்டர், பலகார மாஸ்டர், உதவியாள் மூவருக்கும் நீங்கள் சொன்ன கூலி 2,500. கரண்ட், தண்ணீர் 210. நகைக்குப் பதிலாக, சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் 4 லட்சம் கடன் வாங்கி, அதை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் அடைத்தால் தவணை நாளுக்கு 290. உங்கள் இப்போதைய சம்பளம் 867. ஆக 4,400 ரூபாய். நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்கு, காஸுக்கு 45 போகும் என்கிறீர்கள். வருட விற்பனை 20 லட்சத்தைத் தாண்டும் என்பதால் ஜிஎஸ்டிக்கு ஏறக்குறைய 5 போகும். மிச்சம் 50. அப்படியானால் தினமும் 8,800 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு சாயா 15, ஒரு வடை 12 என்றால் 326 பேர் வர வேண்டும், அதுவும் மாதம் முப்பது நாளும்.

வெயில் காலத்தில் வருவார்கள். நம் மாவட்டத்தில்தான் மழை ஜூனில் ஒரு தரம், ஐப்பசியில் இன்னொரு தரம் வருகிறதே! மழை பிடித்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிடும், காலையில் சாயாவுக்கு வருகிறவர் கையில் காசு இருக்காது. அதே வாரத்தில் திற்பரப்பு அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டால், சுற்றுலா வண்டியும் வராது. உங்கள் இரண்டு வரவும் ஒரே மழையில் நிற்கும். இதுதான் எனக்குப் பெரிய கவலை. இந்த வாரங்களுக்கென்று 2 லட்சம் தனிக் கணக்கில் இருந்தே ஆக வேண்டும்.

அதனால் கண்ணாடி, ஏசி வேலைக்கு வைத்திருக்கும் 2 லட்சத்தை அடித்துவிடுங்கள். அட்வான்ஸை 2 லட்சமாகப் பேசிப் பாருங்கள். செலவு 6 லட்சத்துக்கு வந்துவிடும். உங்கள் 4, கடன் 4 என்று 8 லட்சம் இருந்தால், மழைக்கான 2 லட்சமும் அதிலேயே வந்துவிடும். முத்ராவில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை ஈடு இல்லாமல் கேட்கலாம். 15 பவுன் வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

அப்புறம், வேலையை இன்னும் ஒன்பது மாதம் விடாதீர்கள். பத்து வருடச் சேவை நிறைந்தால் 58 வயதில் பிஎஃப் ஓய்வூதியம் மாதாமாதம் கிடைக்கும். இப்போது விட்டு எல்லாப் பணத்தையும் எடுத்துவிட்டால் அது போய்விடும். பத்து வருடத்துக்குக் கிராஜுவிட்டியாக, அதாவது பணிக்கொடையாக, 14,000 × 15 ÷ 26 × 10, சுமார் 80,770 ரூபாய் வர வேண்டும். பலர் இதைக் கேட்காமலே வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதிக் கேளுங்கள்.

இந்த ஒன்பது மாதத்தில் லீவு நாட்களில் குலசேகரம் போய், அந்தக் கடைக்குப் பக்கத்துச் சாயாக்கடைகளில் காலியான பால் கவர்களை எண்ணுங்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை சாயா என்பது உங்களுக்குத் தெரியாததா? அதற்குள் ஒரு மழைக்காலமாவது வந்துவிடும், மழை நாளிலும் எண்ணுங்கள். பலகார மாஸ்டர் வராத காலையில் பழம்பொரிக்கு நீங்களே மாவு கரைக்க முடியுமா என்றும் பாருங்கள். முடியாது என்றால், இப்போதே உங்கள் ஓட்டல் அடுப்படியில் நின்று பழகுங்கள்.

அந்தக் கடை அதற்குள் கைமாறிவிட்டால் போகட்டும். ஜங்ஷனில் வேறு கடை காலியாகும். மழை நாளில் எண்ணிய கணக்கை எனக்கு எழுதுங்கள், 326 பேர் தேறுமா என்று சேர்ந்து பார்ப்போம்.