மகனுக்கு பிரேசிலில் இரண்டு ஆண்டு மிஷனரி ஊழியம்: அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறோம். கிரீன் கார்டு கிடைத்து இரண்டு ஆண்டு ஆகிறது. மகனுக்கு 19 வயது, கல்லூரியில் முதலாண்டை முடிக்கப் போகிறான். பள்ளித் தோழர்களோடு போய்ப் போய், இங்கே பலர் சேர்ந்திருக்கும் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் ஈடுபாடு வந்து, 18 ஆனதும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். நாங்கள் தடுக்கவில்லை. இப்போது பிரேசிலுக்கு இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. எங்களுக்கு அந்தச் சபையைப் பற்றி அதிகம் தெரியாது. அவன் அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அனுப்பலாமா? அங்கே என்ன நடக்கும்? செலவு, படிப்பு, கிரீன் கார்டு எல்லாம் என்ன ஆகும்?

பதில்: ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 19 வயதுப் பையன் போவதற்கு உங்கள் கையெழுத்து வேண்டியதில்லை. எனவே அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு உங்களிடம் இல்லை. அவன் எப்படிப் போகிறான், முக்கியமாக எப்படித் திரும்பி வர முடியும் என்பதில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆனால் இதே மாநிலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக இருப்பதால், ஊழியம் முடித்து வந்த பிள்ளைகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். துள்ளிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நொறுங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கிரீன் கார்டை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குத்தான் கெடு இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், வெறும் கார்டைக் காட்டித் திரும்பி உள்ளே வர முடியாது. கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு, அதாவது ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் ஐ-131. விண்ணப்பிக்கும்போது அவன் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், கைரேகையும் இங்கேயே கொடுக்க வேண்டும். பொதுவாக இந்த அனுமதி கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு செல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஊழியம் 24 மாதம், அனுமதியும் 24 மாதம். அவன் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே அனுமதி கையில் வந்துவிட்டால், கடைசி மூன்று மாதம் அது காலாவதியாகிவிடும். குடியுரிமைக்கான ஐந்தாண்டுக் கணக்கும் ஓராண்டு தாண்டிய பயணத்தால் அறுபடும். இதையெல்லாம் நண்பர்களிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவன் நிலைமையைச் சபையின் மிஷனரி அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். அவசரத்தில் இதை மறக்கிறவர்கள் நிறைய.

சரி, அங்கே என்ன நடக்கும்? ஊரையும் நாட்டையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை. சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமைதான் ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்குகிறது. முதலில் பயிற்சி. சில நாள் வீட்டிலிருந்து இணைய வழியில், அப்புறம் பயிற்சி மையத்தில் சில வாரம். பெரிய மையம் இங்கே ப்ரோவோவில் இருக்கிறது. பிரேசிலில் சாவோ பாலோவிலும் ஒன்று உண்டு. புது மொழி கற்க வேண்டியவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது வாரம் ஆகும். போர்ச்சுகீசியத்தை அந்த வேகத்தில் திணிப்பதைப் பார்த்தால் நமக்கே மூச்சு முட்டும். ஆனால் வேலை செய்கிறது. ஆறாவது மாதத்தில் திக்கித் திணறிப் பேசுகிறவன், ஓராண்டு முடிவதற்குள் தெருவில் நின்று வாதம் செய்வான். பிரேசில் விசா தாமதமானால் பதற வேண்டாம். விசா வரும்வரை அமெரிக்காவுக்குள்ளேயே வேறொரு ஊரில் ஊழியத்துக்கு அனுப்பிவைப்பது வழக்கம்தான்.

அங்கே போனதும் அவன் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. காலை ஆறரைக்கு எழுந்து, இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டும். ஊருக்கு ஏற்ப இதில் கொஞ்சம் முன்பின் இருக்கும். உடற்பயிற்சி, படிப்பு, ஜெபம் முடிந்தால் பகல் முழுக்க வெளியேதான், முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சபையைப் பற்றிப் பேச வேண்டும். காதல் கிடையாது, சினிமா கிடையாது, தனியாக ஊர் சுற்றுவது கிடையாது. காபியும் டீயும் சபையில் சேர்ந்தபோதே விட்டிருப்பான், அதனால் அது புதுக் கஷ்டம் இல்லை. பிரேசிலில் சபைக் குடும்பங்கள் முறை வைத்து மதிய உணவுக்குக் கூப்பிடுவது பரவலான பழக்கம், எனவே பட்டினி கிடப்பான் என்று அம்மா கவலைப்பட வேண்டாம். அவன் சைவம் என்றால் மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அங்கே சோறும் பீன்ஸும் தினமும் இருக்கும், இறைச்சியும் இருக்கும். அன்போடு பரிமாறும் வீட்டில் மறுப்பது எப்படி என்று அவன் இங்கேயே பழகிக்கொள்ளட்டும்.

இதில் எதுவும் பெரிய சிரமம் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெயிலும் சைக்கிளும் மொழியும்தான் கண்ணில் படும். போய்வந்தவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது இன்னொரு சொல்லை: கம்பானியன். ஒவ்வொரு மிஷனரிக்கும் ஒரு துணை உண்டு. அந்தத் துணையைத் தேர்ந்தெடுப்பவர், அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர். குளியலறை தவிர, எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருவரும் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை 'டிரான்ஸ்பர்' வரும். அப்போது துணை மாறலாம், ஊரும் மாறலாம், எதுவும் மாறாமலும் போகலாம். அன்பான துணை வாய்த்தால் அந்த நட்பு ஆயுளுக்கும் நிற்கும். சோம்பேறியோ, எதற்கெடுத்தாலும் விதி பேசுகிறவனோ, வீட்டு ஏக்கத்தில் சுருண்டு கிடப்பவனோ வாய்த்தால் ஆறு வாரம் ஆறு மாதமாகத் தோன்றும். அறையைப் பூட்டிக்கொண்டு பத்து நிமிடம் தனியாக இருக்க முடியாது என்பது எழுதும்போது சின்ன விஷயம். தனிமையில் தெம்பு திரட்டிக்கொள்ளும் சுபாவக்காரனுக்கு அதுதான் மலை. உங்கள் மகன் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும். இதை அவனிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

அடுத்தது நிராகரிப்பு. சபை வெளியிட்ட 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகம் முழுவதும் ஏறக்குறைய 68,000 மிஷனரிகள் இருந்தார்கள். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,51,000 பேர். வகுத்தால் ஒரு மிஷனரிக்கு ஆண்டுக்கு நான்கு பேர்கூட வரவில்லை. அவர்கள் எப்போதும் இரட்டையராகவே வேலை செய்வதால் ஒரு ஜோடிக்கு ஏழு சொச்சம். அதுவும் சராசரிதான். ஐரோப்பாவில் இரண்டு ஆண்டு அலைந்து ஒருவரைக்கூடச் சேர்க்காமல் திரும்பியவர்கள் உண்டு. பிரேசில் அந்த அளவுக்கு வறண்ட நிலம் அல்ல, சபைக்கு அங்கே பெரிய கூட்டமே இருக்கிறது. இருந்தாலும் ஒரு நாளில் நூறு முறை 'வேண்டாம்' கேட்பது அங்கேயும் சகஜம். கதவைச் சாத்துகிறவர்கள் தன்னை ஒதுக்கவில்லை என்று 19 வயதில் புரிந்துகொள்வது கஷ்டம். எண்ணிக்கை வரவில்லை என்றால் தன் விசுவாசத்தில் குறை, தான் விதிகளைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். படிப்பில் எப்போதும் முதலிடம் வாங்கிய பிள்ளைகள் இதில் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதைதான். தன் துணியைத் துவைத்து, மாதப் பணத்தைக் கணக்காகச் செலவழித்து, முன்பின் தெரியாத வீட்டில் உட்கார்ந்து, கணவனை இழந்த ஒரு பெண்மணியின் பேச்சை வேறொரு மொழியில் கேட்கப் பழகிய பையன், வகுப்பறையில் தனியாகத் தெரிவான். இந்த ஊரில் வேலை கொடுப்பவர்களுக்கும் அது தெரியும். மொழி தங்கிவிடும். இன்னொரு நாட்டைச் சுற்றுலாப் பயணியாக இல்லாமல், அதன் ஏழைத் தெருக்களில் நடந்து பார்த்தவன் செய்தித்தாளைக்கூட வேறு விதமாகப் படிக்கிறான்.

பாதுகாப்பு பற்றி உங்கள் மனைவி கண்டிப்பாகக் கேட்பார். கொள்ளை, வன்முறை பற்றி எச்சரிக்கை தேவைதான். இருட்டிய பின் போகக் கூடாத தெருக்களை அங்கே இருப்பவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் எனக்கு அதைவிடச் சாலைகள்தான் பயம். பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட மிட் ராம்னி இளைஞராக பிரான்ஸில் மிஷனரியாக இருந்தபோது, 1968-ல் அவர் ஓட்டிய கார்மீது எதிரே வந்த வண்டி மோதி, காரிலிருந்த மிஷன் தலைவரின் மனைவி இறந்தார். ராம்னியே பலத்த காயத்தோடு பிழைத்தார். ஹெல்மெட், சீட் பெல்ட் இரண்டையும் வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள், சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

பணம் பெரிய சிக்கல் இல்லை. அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 500 டாலர் என்று 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது; அதற்கு முன் 400. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகை, வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடக்கம். 24 மாதத்துக்கு 12,000 டாலர். அவனுடைய சேமிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பற்றாக்குறை என்றால் உள்ளூர்ச் சபையின் பிஷப்பிடம் பேசச் சொல்லுங்கள், உதவ வழி இருக்கிறது. உடை, பெட்டி, சைக்கிள் எல்லாம் தனிச் செலவு. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் சபை நிதி வழியாகக் கொடுங்கள். மகன்களின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்ட பணத்தை நன்கொடையாகக் கழிக்க முடியாது என்று 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு மிஷனரிக் குடும்பத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. மருத்துவக் காப்பீட்டிலிருந்து அவன் பெயரை எடுக்காதீர்கள், 26 வயது வரை உங்களோடு இருக்கலாம். படிப்புக்கு, கல்லூரியில் முறைப்படி விடுப்பு எழுதி வாங்கட்டும். யூட்டாவில் இது அவர்களுக்கு அன்றாட வேலை. உதவித்தொகை இருந்தால் அது காத்திருக்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும். கல்விக் கடன் இருந்தால் படிப்பை நிறுத்திய ஆறு மாதத்தில் தவணை ஆரம்பித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தொலைபேசி விஷயத்தில் காலம் உங்கள் பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டோடு பேச்சு, மற்றபடி கடிதமும் மின்னஞ்சலும்தான். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை, துணி துவைப்பது போன்ற சொந்த வேலைகளுக்கு ஒதுக்கிய 'பி-டே' அன்று, வீடியோவிலேயே பேசலாம். அந்தப் பேச்சில் 'எத்தனை பேரைச் சேர்த்தாய்' என்று கேட்காதீர்கள், கேலிக்குக்கூட வேண்டாம். என்ன சாப்பிட்டாய், துணை எப்படி, எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டால், எடை குறைந்தால், 'என்னால் எதற்கும் பிரயோஜனம் இல்லை' என்ற பேச்சு வந்தால், மிஷன் தலைவரிடம் மனநல ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். சபையில் அதற்கு ஏற்பாடு உண்டு. ஒரு விஷயம்: அந்தத் தலைவரையும் அவர் மனைவியையும் எதிரிகளாகப் பார்க்காதீர்கள். அவர்களும் மூன்று ஆண்டுக்கு வந்தவர்கள்தான், உங்களைப் போலவே நடுராத்திரி போனுக்குப் பயப்படுகிறவர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கிளம்புவதற்கு முன், நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில், அவனை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: 'நீ எந்த மாதம் வேண்டுமானாலும் திரும்பி வரலாம். காரணம் கேட்க மாட்டோம். டிக்கெட் பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.' யூட்டாவில் பாதியில் திரும்பும் பையனுக்கு அக்கம்பக்கத்தில் கேள்விகள் காத்திருக்கும். உடம்பு சரியில்லாமல் வந்தாலும், மனம் சரியில்லாமல் வந்தாலும், ஏதோ தப்பு செய்துவிட்டான் என்ற பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தப் பயத்தில்தான் பலர் முடியாத நிலையிலும் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இதில் உங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, நீங்கள் அதை உணர்ந்திருக்க மாட்டீர்கள். சபைக்கு வெளியே இருக்கும் பெற்றோர் என்பதால், உங்கள் வீட்டில் அவனுக்கு அந்த வெட்கம் தேவையில்லை. கூடவே எதிர்ப்பக்கமும் உண்டு: 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். அந்த வாக்கியத்தை இன்றே மறந்துவிடுங்கள்.

அவன் போவது அவனுடைய ஆசையா, தோழர்கள் எல்லோரும் போகிறார்கள் என்பதாலா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். 'அவர்கள் யாரும் போகாவிட்டாலும் போவாயா' என்று ஒரே கேள்வி போதும். பதிலுக்காக அவசரப்படுத்தாதீர்கள். தேதியைத் தள்ளிவைக்கும் வசதியும் இருக்கிறது, வீட்டிலிருந்தபடியே சமூகப் பணி செய்யும் வேறு வகை ஊழியமும் சபையில் இருக்கிறது. பேச்சுவாக்கில் இன்னொன்று: 2018-லிருந்து அவர்கள் 'மார்மன்' என்ற பெயரைத் தவிர்த்து, சபையின் முழுப் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். வீட்டில் நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவன் முகம் மாறினால், காரணம் அதுதான்.

திரும்பி வருவதையும் இப்போதே மனதில் வையுங்கள். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்ததோடு முடிந்துவிடாது. பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பான ஸ்டேக் தலைவரைப் போய்ப் பார்த்து, அவர் முறையாக விடுவித்து, பெயர்ப்பட்டையைக் கழற்றும்வரை அவன் மிஷனரிதான். அன்றுவரை தனியாக வெளியே போகவும் தயங்குவான். அப்புறம் திடீரென்று நேரம் முழுக்க அவன் கையில். பலருக்கு முதல் இரண்டு மூன்று மாதம் வெறுமையாக இருக்கும். போர்ச்சுகீசியத்தில் கனவு காண்பான், கடையில் எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பான். கல்லூரி தொடங்கச் சில வாரம் இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சைச் சபைத் தோழர்களே ஆரம்பித்துவிடுவார்கள், நீங்களாவது விடுங்கள். முதல் இரவு தன் அறையில் படுத்தால் அவனுக்குத் தூக்கம் வராமல் போகலாம். இரண்டு ஆண்டு பக்கத்துக் கட்டிலில் யாரோ மூச்சுவிடுவதைக் கேட்டே தூங்கியவன். கூடத்துக்கு வந்து சோபாவில் படுத்தால் எதுவும் கேட்காமல் ஒரு போர்வையை எடுத்துக் கொடுங்கள்.