படித்தது ஹாலில் மறந்து போகிறதா? வடசென்னை வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ படிக்கிறேன். கேள்வித்தாளை வாங்கியதும் தலை காலியாகிவிடுகிறது. முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் எல்லாம் ஞாபகம் வருகிறது. (கொருக்குப்பேட்டை)

பஸ் ஸ்டாப்பில் வருகிறது என்றால் பாடம் உள்ளேதான் இருக்கிறது. பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், சேர்த்து வைத்ததை வெளியே எடுக்க விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

பொதுத்தேர்வில் கேள்வித்தாளைப் படிக்கவென்றே 10 நிமிடம் தருகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் தெரியாத கேள்வியைத் தேடிப் பிடித்துப் பயப்படுகிறார்கள். நீங்கள் நன்றாகத் தெரிந்த இரண்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். நடுவில் ஒரு விடை நின்றுவிட்டால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூச்சை இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். நாலைந்து முறை போதும். திரும்பி வரும்போது விடையை நேராகத் தேடாமல் அதன் அக்கம்பக்கத்தைத் தேடுங்கள்: அந்தப் பக்கத்தில் என்ன படம் இருந்தது, டீச்சர் என்ன உதாரணம் சொன்னார், முந்தைய தலைப்பு எது? ஒரு சொல் அகப்பட்டால் மற்றது பின்னாலேயே வரும்.

மகள் பத்தாவது. ஒரு பாடத்தைச் சத்தம் போட்டுப் பத்து தடவை படிக்கிறாள். டெஸ்ட்டில் பாதி மறந்துவிடுகிறது. (காசிமேடு)

பத்தில் எட்டை நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. படிக்கப் படிக்க வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்வோம். ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

இதயம் பாடம் என்றால் இரண்டு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நாலு அறைகளையும் வரையட்டும். மூவிதழ் வால்வு வலது பக்கமா, இடது பக்கமா? தடுமாறினால் உடனே புத்தகத்தைத் திறக்கக் கூடாது, கொஞ்சம் திணறட்டும். அப்புறம் திறந்து, விட்டதைச் சிவப்பு பேனாவில் எழுதி, மூன்று நாள் கழித்து அந்தச் சிவப்பை மட்டும் மறுபடி. நீங்கள் சமையலுக்கு நடுவே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் சொன்னால் போதும், பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வல்லாரை மாத்திரை வாங்கலாமா? (ராயபுரம்)

துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். தேர்வு வாரத்தில் மாத்திரையை நம்பி இரவெல்லாம் கண் விழிக்காதீர்கள். படித்தது மூளையில் படிவதே தூக்கத்தில்தான்.

ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி சத்தம். எப்படிப் படிப்பது? (எர்ணாவூர்)

புதிதாகப் படிப்பதை விடியற்காலையிலோ நூலகத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். எழுதிப் பார்ப்பதை அந்தச் சத்தத்திலேயே செய்யலாம். தேர்வு ஹாலுக்கு வெளியிலும் ஹாரன் அடிக்கத்தான் போகிறார்கள்.

குரூப் 4 எழுதுகிறேன். இரண்டு விடைகளுக்கு நடுவில் குழம்பி, மாற்றி மாற்றி யோசிக்கிறேன். முதலில் தோன்றியதே சரி என்கிறார்களே? (திருவொற்றியூர்)

அது எல்லா நேரத்திலும் உண்மையில்லை. விடையை மாற்றியவர்களைப் பற்றிய ஆய்வுகளில், தவறிலிருந்து சரிக்கு மாறியதே அதிகம். ஆனால் காரணம் தோன்றினால்தான் மாற்ற வேண்டும், பயத்தில் அல்ல. ஓஎம்ஆர் தாளில் பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. அதனால் சந்தேகமான கேள்விகளின் வட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, கடைசிச் சுற்றில் முடிவெடுத்து வட்டத்தை நிரப்புங்கள். அதற்கு 20 நிமிடமாவது மிச்சம் வைக்க வேண்டும்.