லேண்ட் ரோவர் கைப்பிரேக்: கேமரன் மலை அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் கேமரன் மலையில், காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பழைய லேண்ட் ரோவர்களை இன்னும் உழைக்க வைத்திருக்கும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டிஃபெண்டருக்கு முந்திய சீரீஸ் வண்டிகளுக்கும், 2016 ஜனவரியில் உற்பத்தி நின்ற பழைய டிஃபெண்டருக்கும் மட்டுமே என் பதில்கள் பொருந்தும். அதற்குப் பின் வந்த புதிய டிஃபெண்டரில் இருப்பது மின்விசைக் கைப்பிரேக். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ரிங்லெட்டிலிருந்து: ஐயா, என் 1996 டிஃபெண்டரில் லீவரை எட்டாவது பல் (கிளிக்) வரை இழுத்தாலும் சரிவில் வண்டி நழுவுகிறது. கேபிளை இறுக்கினால் போதுமா?

போதாது. இந்த வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (என்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பெட்டி) பின்புறத்தில், பின் புரோப்பல்லர் ஷாஃப்ட் (அந்த விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டு) தொடங்கும் இடத்தில் உள்ள ஒற்றை டிரம்மில் இருக்கிறது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூக்களின் லைனிங் (உராய்வுப் பட்டை) தேயத் தேய அவற்றுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் குறைக்காமல் கேபிளை மட்டும் இறுக்கினால் லீவர் மேலே நிற்கும், பிடிப்போ வராது.

முதலில் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை விடுவியுங்கள். கேபிளை நன்றாகத் தளர்த்திய பிறகு, டிரம்மின் பின்தட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சரிசெய் திருகை வலப்புறமாகத் திருப்பினால் ஷூக்கள் விரிந்து டிரம் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அங்கிருந்து, டிரம் உரசாமல் சுழலும் வரை மட்டும் திருகைப் பின்னோக்கித் தளர்த்த வேண்டும். இதன் பிறகுதான் கேபிளின் முறை. மூன்றாவது பல்லில் பிரேக் முழுமையாகப் பிடிக்குமாறு அதை அமையுங்கள். லீவரைப் பலமுறை இழுத்து விட்டு ஷூக்கள் தம் இடத்தில் அமர்ந்தபின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். கேபிளை முதலில் தொட்டவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை அதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

தானா ராத்தாவிலிருந்து: பிரேக் போட்ட பிறகும் வண்டி சில அங்குலம் நகர்ந்துதான் நிற்கிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதன்று. ஷாஃப்ட் பூட்டப்பட்டாலும், அதற்கும் சக்கரத்துக்கும் இடையே யுனிவர்சல் ஜாயின்ட், டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) பற்கள், அச்சுத்தண்டின் பள்ளங்கள் என ஒவ்வொன்றிலும் சிறிது ஆட்டம் உண்டு. அந்த ஆட்டமெல்லாம் சேர்ந்து தீர்ந்த பிறகே சக்கரம் நிற்கும். ஆகவே கால் பிரேக்கை மிதித்தபடி கைப்பிரேக்கைப் போட்டு, பின் மெதுவாகக் காலை எடுத்து வண்டியைச் சாய்ந்து நிற்க விடுங்கள். நகர்வு மாதந்தோறும் கூடினால் ஜாயின்டுகளைப் பாருங்கள். எப்படியிருந்தாலும் சரிவில் கட்டை வையுங்கள்.

பிரிஞ்சாங்கிலிருந்து: புது ஷூ போட்டு இரண்டே வாரத்தில் பிடிப்புப் போய்விட்டது. டிரம்முக்குள் எண்ணெய் பளபளக்கிறது. ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமா?

கூடாது. எண்ணெயை உறிஞ்சிய லைனிங்கைக் கழுவினாலும், சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி வெளியே வரும். டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின் ஆயில் சீலை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றாமல் எத்தனை ஜோடி ஷூ வாங்கினாலும் வீணே. சீலை மாற்றுமுன் பாக்ஸின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, புதிய சீலையும் தாண்டி எண்ணெய் கசியும். டிரம்மைக் கழற்ற ஷாஃப்டின் நான்கு 9/16 அங்குல நட்டுகளை எடுக்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாகப் புதிய பூட்டு நட்டுகளையே போடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ரிங்லெட்டிலிருந்து வேறோர் அன்பர்: கேபிளை எத்தனை சுற்று இறுக்க வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள். ஷூ முதலில், கேபிள் பிறகு.

ஹைலக்ஸ் வைத்திருக்கும் ஒருவர்: என் வண்டிக்கும் இதே முறையா?

இல்லை. அதன் கைப்பிரேக் பின்சக்கர டிரம்களில் இயங்குகிறது. அந்த வண்டியோடு பழகிய மெக்கானிக்கைக் கேளுங்கள்.

தானா ராத்தாவிலிருந்து ஓர் இளைஞர்: கட்டை, கட்டை என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்? டிஃபெண்டர் எப்போதும் நான்கு சக்கர இயக்கத்தில் இருக்கும் வண்டி. ஷாஃப்டைப் பூட்டினால் நான்கு சக்கரமும் பூட்டப்படுகிறதே?

தம்பி, இந்த நம்பிக்கையால் ஒரு வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடியதை நான் கண்ணால் கண்டவன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். கைப்பிரேக் பூட்டுவது பின் ஷாஃப்டை மட்டுமே. ஷாஃப்ட் நின்றாலும் பின் டிஃபரென்ஷியல் வழியாக ஒரு சக்கரம் முன்னே சுழலும்போது மற்றது பின்னே சுழல முடியும். இரண்டும் தரையில் இருக்கும்வரை தரையின் பிடிப்பு அதைத் தடுக்கிறது. ஒன்றைத் தூக்கிய நொடியில் அந்தத் தடை போய்விடுகிறது: தூக்கிய சக்கரம் காற்றில் பின்னோக்கிச் சுழல, தரையிலுள்ளது தடையின்றி உருளும். முன்சக்கரங்களோ, டிஃப் லாக் (முன், பின் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) போடாதபோது, அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நடு டிஃபரென்ஷியலால் பின் ஷாஃப்டிலிருந்து பிரிந்தே நிற்கின்றன. கியரும் நியூட்ரலில் இருந்தால் அவற்றைப் பிடிக்க எதுவுமே இல்லை. சீரீஸ் வண்டியில், இருசக்கர இயக்கத்தில் முன் அச்சுக்கும் கைப்பிரேக்குக்கும் தொடர்பே கிடையாது.

அதே இளைஞர்: அப்படியானால் டிஃப் லாக் போட்டுவிட்டால் கட்டை வேண்டாமே?

டிஃப் லாக் உண்மையில் பூட்டியிருந்தால், பின்சக்கரத்தைத் தூக்கும்போது முன் அச்சும் சேர்ந்து பிடிக்கும்; அதனால் அதைப் போடுவது நல்லதே. ஆனால் லீவரைத் தள்ளியதும் பற்கள் பொருந்திவிடும் என்பது உறுதியில்லை. வண்டி சற்று நகர்ந்தால்தான் அவை ஒன்றில் ஒன்று அமரும். எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாராமல் அடியில் படுக்காதீர்கள். விளக்கு எரிந்தாலும் கட்டை வையுங்கள்.

பிரிஞ்சாங்கிலிருந்து: இறக்கத்தில் கால் பிரேக் சூடேறினால், ஓடும்போதே கைப்பிரேக்கை இழுக்கலாமா?

ஒருபோதும் கூடாது. டிஃபெண்டரில் சக்கரம் ஒருமுறை சுழலும்போது ஷாஃப்ட் 3.54 முறை சுழல்கிறது. நிறுத்தி வைக்கையில் பிடிப்பைப் பெருக்கித் தரும் அதே விகிதம், ஓடும் வண்டியில் டிஃபரென்ஷியலையும் அச்சுத்தண்டையும் உடைக்கும் அதிர்ச்சியாகிறது. கீழ் ரேஞ்சில், தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

ரிங்லெட்டிலிருந்து மூன்றாமவர்: ஐயா, கேபிளை இறுக்கியும்…

ஷூ. முதல் பதில்.

மீண்டும் தானா ராத்தா இளைஞர்: நீங்கள் சொல்வதை என் கண்ணால் பார்க்க வழி உண்டா?

உண்டு, கேட்டதற்கு மகிழ்ச்சி. சமதரையில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை வைத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்துங்கள். கைப்பிரேக்கை முழுவதும் இழுத்துவிட்டு, இடது பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே வலது சக்கரத்தைப் பாருங்கள்.

அதே இளைஞர், மறுநாள்: பார்த்தேன் ஐயா. வலது சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. கட்டைக்கு என்ன மரம் நல்லது?

ஈரத்தில் நசுங்காத, பிளவில்லாத கனமான மரம். சக்கரத்தின் வளைவில் படியும்படி ஒரு பக்கத்தைச் சரிவாகச் செதுக்கி, இழுத்தெடுக்க ஒரு கயிறு கட்டி, நான்கு கட்டைகளை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.