காலியிடம் என்று எதைச் சொன்னீர்கள்?

கேள்வி: எங்கள் ஊருக்கு அடுத்த 20 ஆண்டுகளுக்கான முழுமைத் திட்டம் தயாரித்து, வரைவை நகராட்சி அலுவலகத்தில் வைத்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அகலச் சாலை, புதுப் பேருந்து நிலையம், பூங்கா எல்லாம் வருகிறதாம். ஊருக்குத் தெற்கே காலியிடம் நிறையக் கிடக்கிறது. எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்விட்டால் ஊருக்குள் நெரிசல் குறையும் என்று எழுதலாமென்று இருக்கிறேன். என்னைப் போன்ற சாதாரண ஆள் எழுதினால் மதிப்பார்களா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: மதிப்பார்களா என்பதற்கு அப்புறம் வருகிறேன். 'காலியிடம்' என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, என் கண் அதிலேயே நின்றுவிட்டது.

எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. சித்திரை, வைகாசியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவார்கள். ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்து, கால் உள்ளே போகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். பேருந்தில் போகிறவருக்கு அது காலியாகத்தான் தெரியும்.

நானும் ஆற்றுப் பாசனத்துக்காரன்தான், அதனால் சொல்கிறேன். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் காய்வதற்குள், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விசிறிவிடுவோம். நெல்லை அறுத்துக்கொண்டு போனதும் அரிதாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டுக்கொண்டு அது எழுந்து நிற்கும். அதற்கென்று யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் விடிகாலைப் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. வேளாண் துறைக்காரர்கள் இதை 'நெல் தரிசு உளுந்து' என்பார்கள். பெயரில்தான் தரிசு இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் அந்த உளுந்தில்தான் போகிறது.

உளுந்தைப் பிடுங்கிய பிறகாவது காலியா? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டோடு வந்து இறங்குவார்கள். சின்ன வயதில் எங்கள் வயலில் கிடை போட்ட இரவுகளில் அப்பாவோடு போய் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வலையைச் சுற்றிக் கட்டி, ஆடுகளை உள்ளே விட்டு, கீதாரி ஒரு மூலையில் கம்பளியோடு படுத்துக்கொள்வார். விடிந்து பார்த்தால் வலை இருந்த இடம் மட்டும் கறுத்து, புழுக்கையும் மூத்திரமுமாக நெடியடிக்கும். மறுநாள் இரவு வலை அடுத்த பாத்திக்கு நகரும். இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று நெல்லை மரக்காலால் அளந்து கொடுப்பார் அப்பா. குறுவைக்கு அடியுரம் அதுதான். வாத்துக்காரர்கள் வருவது தனிக் கதை. வருடத்தில் எந்த மாதமும் அந்த நிலம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

விளைச்சல் கணக்கை விடுங்கள், அதைவிடப் பெரியது தண்ணீர்க் கணக்கு. டெல்டாவில் ஆறு மேட்டில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் கரை கட்டி, வயலைவிட உயரத்தில் போவதால்தான் மதகைத் தூக்கினால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்குகிறது. வந்த வழியே அது திரும்ப ஏற முடியாது. பாய்ச்சிய தண்ணீரும் பெய்த மழையும் பள்ளத்தில் இருக்கிற வடிகாலைத் தேடித்தான் போயாக வேண்டும். மேல்வயலின் வடிகாலே கொஞ்ச தூரம் போய்க் கீழ்வயலுக்குப் பாசன வாய்க்காலாகிவிடும். உங்கள் ஊருக்குத் தெற்கே நாணலும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டி, குப்பை கொட்டிக் கிடக்கிற பள்ளம் ஏதாவது கண்ணில் பட்டதா? அது அநேகமாக வடிகாலாக இருக்கும். வரைபடம் போடுகிறவர்களுக்கும் உங்களுக்கும் முதலில் காலியாகத் தெரிவது அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரின் மொத்த மழையும் போகிற வழியும் அதுதான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு வடிகால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கத்து வயலும் மனையாயின. வெள்ளைக் கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள், நுழைவாயிலில் வளைவு வைத்தார்கள். சாலைக்காக வடிகாலை இரண்டடி சிமென்ட் குழாய்க்குள் விட்டு மேலே மண்ணைக் கொட்டினார்கள். முதல் வருட அடைமழைக்கே குழாய் வாயில் ஒரு தென்னை மட்டை வந்து குறுக்கே நின்றது. மட்டையில் நெகிழிப் பைகள் சிக்கின, பைகளில் வெங்காயத்தாமரை சிக்கியது. நாலு நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் தண்ணீர். அம்மா அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அனுமதி கொடுத்த அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, வரைபடத்தில் அந்த இடத்தில் வாய்க்கால் எதுவும் இல்லை என்றார்கள். அந்தத் தண்ணீர் வடிந்து பல வருடம் ஆகியும் எனக்கு அந்தப் பதில் ஆறவில்லை.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தப்பாது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் மழை விட்ட பிறகு தண்ணீர் ஒரு நாள் நிற்குமா, ஒரு வாரம் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது வடிகால்.

நம் முன்னோர் ஊர் அமைத்ததைப் பாருங்கள். திருவாரூருக்குக் 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி' என்று கணக்குச் சொல்வார்கள். ஐந்து வேலி என்றால் சுமார் 33 ஏக்கர். மன்னார்குடிக்குக் 'கோயில் பாதி, குளம் பாதி'. ஹரித்ரா நதி என்று குளத்துக்கே நதியின் பெயர். ஊர் நடுவே அவ்வளவு இடத்தைத் தண்ணீருக்கென்று விட்டுவைத்திருக்கிறார்களே, அவர்களுக்கு அங்கே கடை கட்டத் தெரியாமலா இருந்திருக்கும்?

பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-15-ல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அந்தக் காலத்தில் கொசுவைக் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் நின்றார்கள். மீனையும் வாத்தையும் விட்டால் அவை கொசுப் புழுவைத் தின்றுகொள்ளும், குளத்தை ஏன் மூடுகிறீர்கள் என்று வாதாடியவர் அவர். அதற்குப் பிறகு 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. வாத்தை நம்பிய அந்த மனிதர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

வடிகாலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடிகாலுக்குக் கான்கிரீட் சுவர் எழுப்புவது பற்றி இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதி, பொறியாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டு பதில் போட்டு, அதற்கு நான் பதில் போட்டு, அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. தண்ணீர் வேகமாக ஓடும், கரை சரியாது என்கிறார்கள். ஓடட்டும். ஆனால் வயல் மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடிக்குச் சுவர் நின்றால் வயலில் நிற்கிற தண்ணீர் எப்படி உள்ளே விழும்? விவசாயி இரவோடு இரவாகக் கடப்பாரையால் அந்தச் சுவரில் துளை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் செய்தது சரி என்றே இப்போதும் சொல்வேன். உங்கள் ஊர்த் திட்டத்தில் 'வடிகால் மேம்பாடு' என்று ஒரு வரி இருந்தால், சுவரின் உயரம் எவ்வளவு, வயல் தண்ணீர் உள்ளே வரத் திறப்பு எங்கெங்கே என்று கேளுங்கள்.

'டெல்டாவைத்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துவிட்டார்களே' என்று நீங்கள் நினைக்கலாம். 2020-ல் வந்த அந்தச் சட்டத்தை நான் மனமார வரவேற்றவன். எண்ணெய், எரிவாயுக் கிணறு, தோல் பதனிடும் ஆலை, உருக்காலை போன்றவற்றுக்கு அது தடை போடுகிறது. அந்தத் தடைப் பட்டியலில் வீட்டு மனைப் பிரிவு இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு கல் நடுகிற வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் முழுமைத் திட்டத்தில் ஒரு சர்வே எண்ணுக்குக் குடியிருப்பு என்று நிறம் பூசிவிட்டால், பிறகு அங்கே மனை போடுகிறவர் நில உபயோகத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியதே இல்லை, கதவு திறந்தாகிவிட்டது. அதனால்தான் தெற்கே காலியிடம் இருக்கிறது என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று மன்றாடுகிறேன்.

சரி, மதிப்பார்களா? 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 26-ஆம் பிரிவு. வரைவை அறிவித்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணைக்கும் யோசனைக்கும் தர வேண்டும். எழுதிக் கொடுத்தவர் 'என்னை நேரில் விசாரிக்க வேண்டும்' என்று கேட்டால் அதற்கும் வாய்ப்புத் தர வேண்டும். பலர் இந்த இரண்டாவதைக் கேட்பதே இல்லை. கடிதத்தின் கடைசியில் அந்த ஒரு வரியை மறக்காமல் சேருங்கள். பொதுவாக 'இயற்கையைப் பாதுகாக்க வேண்டும்' என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். சர்வே எண்ணோடு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

அதற்கு இரண்டு நாள் செலவழியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், தெற்குப் பக்கத்துக்கு அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதிய பதிவேடு) வாய்க்கால் புறம்போக்கு எந்தெந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களின் அளவுப் படமான புலப்படத்துக்கு நகல் வாங்கி, திட்ட வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அப்புறம் அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டி, மடை திறந்து பழகிய பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். எந்தக் குழாய் வழியே எந்தத் தெருத் தண்ணீர் போகிறது, எது அடைந்து எத்தனை நாளாயிற்று என்று அவர் கைகாட்டிச் சொல்வார். அதை எழுதுங்கள். அந்தப் பெரியவரையும் ஒரு மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள்.

பூங்கா பற்றி ஒரு வார்த்தை. யாருடைய நிலத்தில் என்று பாருங்கள். தனியார் நிலத்தைப் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிவிட்டு 3 ஆண்டுக்குள் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்காவிட்டால், அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி நிலம் விடுபட்டதாகிவிடும். வரைபடத்தில் பச்சை இருக்கும், நேரில் போனால் வேலியும் பூட்டும் இருக்கும். வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பேருந்து நிலையத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்டால், மேட்டு நிலத்தில் என்பதுதான் என் பதில். ஒவ்வொரு ஊரிலும் மனைக்கட்டும் திடலும் எது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கே தெரியும். பழைய நிலையத்துக்கு உள்ளேயே இடம் போதுமா என்று யாராவது அளந்து பார்த்தார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். காலை எட்டு மணிக்குக் கூடையோடு இறங்குகிற பூக்காரம்மா, சந்தைக்குப் போக இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டி வந்தால் அவர் வருமானத்தில் எவ்வளவு போகும் என்று ஒரு தடவை அவரிடமே கேளுங்கள்.

இரண்டு மாதத்தில் எத்தனை நாள் ஓடிவிட்டது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு இதைத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். கொடுக்கிற மனுவின் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். சர்வே எண்களோடு அப்படியே அடுத்த இதழில் போடுகிறேன்.