குறைந்த விலையில் நல்ல சமையலறைக் கத்தி எது?

விலை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் ஒரே மாதத்தில் மழுங்கவும் கூடாது, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சொல்வேன்: விக்டோரினாக்ஸின் சிறிய காய்கறிக் கத்தி.

சுவிட்சர்லாந்தில் 1884இல் தொடங்கிய நிறுவனம் அது. சிவப்பு மடக்குக் கத்தியால்தான் பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். காய்கறிக் கத்தியை எஃகுத் தகட்டிலிருந்து வெட்டியெடுத்து, பிளாஸ்டிக் பிடி போட்டு விற்கிறார்கள். காய்ச்சி அடிக்கும் வேலை இல்லாததால் விலை குறைகிறது. தகட்டுக் கத்தி என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். அலகு மெல்லியதாக இருப்பதால் பழுத்த தக்காளியிலும் நசுக்காமல் இறங்கும்.

இந்த நிறுவனத்தின் சமையலறைக் கத்திகளில் எஃகின் கடினம், அதை அளக்கும் ராக்வெல் அளவில், சுமார் 56; எண் கூடினால் கடினமும் கூடும். நல்ல ஜப்பானியக் கத்திகள் பல 60ஐத் தாண்டும். அவற்றில் கூர் அதிக நாள் நிற்கும், உண்மைதான். ஆனால் எலும்பில் பட்டால் விளிம்பு உதிரும், தீட்டவும் பொறுமை வேண்டும். சற்று மென்மையான எஃகை வீட்டிலேயே சுலபமாகத் தீட்டிவிடலாம். தினசரிச் சமையலுக்கு அதுதான் வசதி.

கத்தியில் மிச்சமாகும் பணத்தில் சொரசொரப்பைக் குறிக்கும் எண் 1000 என்று போட்ட தீட்டுக்கல் ஒன்று வாங்குங்கள். அதை நனைத்து, 15 முதல் 20 பாகை சாய்வில் இரு பக்கமும் தீட்டினால் போதும். அப்புறம், கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் மேல் வைத்து நறுக்காதீர்கள். எவ்வளவு நல்ல கத்தியும் சீக்கிரம் மழுங்கிவிடும். மரப்பலகை நல்லது.

ஆறு கத்தி கொண்ட மலிவான செட் வேண்டவே வேண்டாம். தேங்காய்க்கும் எலும்புக்கும் தனியாக அரிவாள் வைத்துக்கொள்ளுங்கள்.