ஆறு ஊர், ஒரு ஊராட்சி, ஒரு பள்ளி

கேள்வி: ஜெர்மனிக்குள்ளேயே வேறு மொழி பேசும் கிராமங்கள் உண்டாமே? அந்த மொழியை ஊராட்சியே காப்பாற்றிக்கொள்ள முடியாதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உண்டு. சாக்ஸனி மாநிலத்தில், பவுட்சன் நகருக்கு வடமேற்கே குரோஸ்ட்விட்ஸ் என்றொரு ஊராட்சி இருக்கிறது. காசெரிட்ஸ், ஹோர்கா, கோப்ஷின், நுக்னிட்ஸ், பிரவுடிட்ஸ் ஆகிய ஊர்களும் அதில் அடக்கம். ஆறு ஊரையும் சேர்த்தாலே ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். பெரும்பாலான வீடுகளில் பேச்சு சோர்பு மொழியில். போலிஷ், செக் மொழிகளுக்கு அது உறவு. ஊர்ப் பெயர்ப்பலகைகளிலும் இரண்டு மொழிகள்.

நாஜிகள் 1937இல் தடை செய்த சோர்பு மக்களின் அமைப்பான தோமோவினா, போர் முடிந்த இரண்டாம் நாளே, 1945 மே 10 அன்று, இந்த ஊரில்தான் மறுபடி தொடங்கப்பட்டது. அவ்வளவு பிடிப்பு உள்ள மக்கள்.

சரி, ஊராட்சியால் என்ன முடியும்? பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்கலாம். ஆசிரியரை நியமிப்பதும், வகுப்பு நடக்கலாமா என்று முடிவு செய்வதும் மாநில அரசின் கையில். அலுவலக வேலைகளையே பக்கத்து நான்கு ஊராட்சிகளோடு சேர்ந்து, பான்ஷ்விட்ஸ்-குக்காவில் உள்ள பொது அலுவலகம் வழியாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

2001இல் அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு 17 பிள்ளைகள் சேர்ந்தார்கள். 20 பேராவது வேண்டும், வகுப்பு கிடையாது என்றது கல்வி அமைச்சகம். மூன்று பிள்ளைகள்தான் குறைவு! பெற்றோர் பின்வாங்கவில்லை. பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். சில வாரங்கள் இப்படியே ஓடியது. கடைசியில் அரசின் முடிவே நின்றது. 2003இல் நடுநிலைப் பள்ளியே மூடப்பட்டது.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. சாக்ஸனியின் 1992ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு சோர்பு மொழிக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதற்கான வழிகளில் பள்ளிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, பெரும்பான்மை மொழிப் பள்ளிக்கு வைக்கும் தலைக்கணக்கைச் சிறு மொழிக்கும் வைத்தது நியாயமே இல்லை. ஆயிரம் பேர் ஊரில் வருடா வருடம் 20 பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?

தொடக்கப் பள்ளி மட்டும் குரோஸ்ட்விட்ஸில் தொடர்ந்தது. அதற்கு மேல் சோர்பு மொழியில் படிக்க ரெக்கெல்விட்ஸுக்கோ ரல்பிட்ஸுக்கோ போக வேண்டும். இரண்டும் பக்கத்து ஊராட்சிகள்தான், தூரமில்லை. ஆனாலும் தங்கள் ஊர்ப் பள்ளிக்காக அந்தப் பெற்றோர் போராடியது முற்றிலும் சரி என்றே சொல்வேன்.